எப்பி சொன்ன பதில்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. உன் தம்பி விஷயத்துக்கு வருகிறேன், அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது நாம் கல்லூரியில் படித்த 'சைலஸ் மார்னர்' நாவல் கிடைத்தது. முதல் பக்கத்தில் உன் கையெழுத்து. இரண்டே நாளில் முழுக்கப் படித்துவிட்டேன்.

அப்போது நமக்கு மனதில் நின்றதெல்லாம் திருட்டுப் போன தங்கம்தான். இந்த முறை என்னை நிறுத்திவைத்தது ஒரு கத்தரிக்கோல். நெசவாளி சைலஸ், தான் எடுத்து வளர்க்கும் குழந்தை எப்பி வேலை நேரத்தில் எங்கும் போய்விடாதபடி ஒரு துணிப்பட்டையால் தறியோடு கட்டிவைப்பானே, ஞாபகம் இருக்கிறதா? ஒருநாள் கத்தரிக்கோலை எட்டும் இடத்தில் வைத்துவிட்டான். பட்டையை வெட்டிவிட்டு அவள் ஓடிவிட்டாள். பதறிப்போய்த் தேடுகிறான். அவளோ தண்ணீர் வற்றிக் குறைந்த குட்டையோரம் உட்கார்ந்து, தன் ஷூவால் தண்ணீர் மொண்டு குளம்புத் தடத்தில் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். எதிர் வேலி வழியாக ஒரு கன்றுக்குட்டி மிரண்டு பார்க்கிறது. அடிக்க மனம் வராமல், கரி போட்டுவைக்கும் பொந்தில் கொஞ்ச நேரம் அடைக்கிறான். குளிப்பாட்டி உடை மாற்றித் திரும்பினால், அவளே அதற்குள் போய் உட்கார்ந்திருக்கிறாள்! அதோடு தண்டிக்கும் யோசனையையே விட்டுவிடுகிறான்.

அப்புறம்தான் எப்பியைப் பெற்ற அப்பா காட்ஃப்ரி வருகிறான், பதினாறு வருஷம் கழித்து. அவளுடைய அம்மா பனியில் விழுந்து இறந்த இரவு, அந்த முகத்தைப் பார்த்தும் வாய் திறக்காதவன். அப்போது அவனுக்கு நான்சி என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசை. இப்போது நான்சி அவன் மனைவி, வீட்டில் பிள்ளை இல்லை, பெற்றவன் என்ற உரிமையோடு எப்பியைத் தன்னோடு வரச்சொல்லிக் கேட்கிறான். நான்சியும் சொந்தத் தகப்பனுக்குச் செய்ய வேண்டிய கடமை என்று ஒன்று உண்டே என்கிறாள். எப்பி அசையவில்லை, சைலஸைத் தவிர வேறு அப்பாவை அவளால் நினைக்க முடியவில்லை. பணக்கடனைத் தீர்ப்பதுபோல் விட்டுப்போன வருஷங்களுக்கும் சேர்த்துக் கொடுத்துத் தீர்த்துவிட முடியாத கடன்களும் உண்டு என்று காட்ஃப்ரி பிறகு மனைவியிடம் சொல்கிறான். கடமைக்கும் பட்ட கடனுக்கும் நாம் 'கடன்' என்று ஒரே சொல்லைத்தானே வைத்திருக்கிறோம் வசந்தா! அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நான்சி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பதினைந்து வருஷம் அவளுக்கு ஒன்றுமே தெரியாது. கடைசியில் எப்பியின் கல்யாண உடை அவள் வாங்கிக் கொடுத்ததுதான்.

சரி, உன் தம்பி. பன்னிரண்டு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது மகன் கல்யாணத்துக்கு அழைக்கிறான், போவதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். இந்த நாவலை 1861இல் வெளியிட்ட ஜார்ஜ் எலியட்டின் கதை உனக்குத் தெரியும், பெயர்தான் ஆண் பெயர், எழுதியது ஒரு பெண். ஏற்கெனவே மணமாகியிருந்த லூயிஸ் என்ற எழுத்தாளரோடு அவர் வாழ்வது தெரிந்ததும், 1857இல் அண்ணன் ஐசக் உறவையே முறித்துக்கொண்டார். 1880இல் எலியட் முறைப்படி வேறொருவரை மணந்த பிறகுதான் அண்ணனிடமிருந்து வாழ்த்துக் கடிதம் வந்தது. இருபத்துமூன்று வருஷம்! நானாக இருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். எலியட் அன்பாகப் பதில் எழுதினார், இத்தனை கால மௌனத்திலும் சிறுவயதில் தொடங்கிய பாசம் முறியவில்லை என்று. எப்பியை மறுக்க வைத்த அதே கைதான் இதையும் எழுதியது. அந்த வருஷக் கடைசியிலேயே அவர் இறந்தும் போனார்.

கல்யாணத்துக்குப் போய் வா. முழங்காலைப் பார்த்துக்கொள், பந்தியில் கீழே உட்காராதே. வந்ததும் எழுது.

உன்,
மீனாட்சி