பேனல் மேல் வைத்த மூன்று பியூஸ் கேரியர்கள்

கணபதி, கோயம்புத்தூர் - 6
16.2.2025

அன்புள்ள அம்மிணிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நாங்கள் இருவரும் நலமாக இருக்கிறோம். உன் அம்மாவின் முழங்கால் வலி மார்கழியில் இருந்ததைவிட இப்போது தணிந்திருக்கிறது. உன் சித்தப்பா வீட்டு விசேஷம் வைகாசிக்குத் தள்ளிப் போய்விட்டது. மற்ற செய்திகளை அம்மா சொல்லியிருப்பாள். தினமும் இரவு நீ அவளுக்கு அனுப்பும் "சாப்பிட்டேன், தூங்கப் போகிறேன்" என்ற ஒற்றை வரியை அவள் எனக்கும் படித்துக் காட்டுகிறாள். எனக்கென்று ஒரு வரி வந்து இன்றோடு 21 நாள் ஆகிறது.

குடியரசு தினத்தன்று இரவு தொலைபேசியில் நான் சத்தம் போட்டது பொள்ளாச்சி அத்தை கொண்டுவந்த பேச்சுக்காக என்று நீ நினைத்திருப்பாய். அதற்காக அல்ல. பொங்கலுக்கும் வரவில்லை, இனிச் சித்திரைக்கும் வர முடியாது என்று நீ சொன்னதற்காகவும் அல்ல. அன்று நான் கேட்க நினைத்தது வேறொன்று. அதைக் கேட்க வாய் வராமல், நமக்குப் பழகிப்போன பழைய சண்டைக்குள் புகுந்துகொண்டேன். பேசினால் மறுபடியும் அப்படித்தான் ஆகும் என்பதால் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு கோபித்துக்கொள்.

பொங்கலன்று நீ அனுப்பிய படத்தை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று உன் அம்மாவைக் கேட்டால் சொல்வாள். குஜராத்தில், தஹேஜின் கடலோரத்துப் பிளான்ட்டில், மோட்டார்களுக்குக் கரண்ட் கொடுக்கும் எம்.சி.சி. பேனல் வரிசைக்கு முன்னால், ஹெல்மெட்டும் பூட்ஸுமாக நீ நிற்கிறாய். உனக்குப் பின்னால் ஒரு பேனலின் கதவு திறந்திருக்கிறது. அதை விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். வயர்களை எவ்வளவு ஒழுங்காகப் படுக்க வைத்திருக்கிறாய்! வயர் முனைகளில் மாட்டிய பெரூல் எண்கள் எல்லாம் ஒரே திசையில் படிக்கும்படி இருக்கின்றன, ஒன்றுகூடத் தலைகீழாக இல்லை. கேபிளில் மிஞ்சிய கோர் வயர்களை வெட்டி எறியாமல் சுருட்டி, முனைக்கு உறை போட்டு விட்டிருக்கிறாய். சிக்னல் கேபிள்களைப் பவர் கேபிள்களோடு ஒரே டிரேயில் கொண்டுவராமல் தனியாக எடுத்து வந்திருக்கிறாய். முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன் சொல்கிறேன், அது என் கையால் ஆகியிருக்காது. உன்னைவிட வயதில் மூத்த வயர்மேன்களிடம், நேற்றுக் கற்றுக்கொண்ட ஹிந்தியில் பேசி, அப்படி ஒரு வேலையை வாங்குகிறாய் என்பதை நினைக்கும்போது எனக்குப் பேச்சு வரவில்லை.

கல்லூரி இரண்டாம் வருடத்தில் நீ விடுமுறைக்கு வந்திருந்தபோது, சென்சாரிலிருந்து வரும் சிக்னல் ஏன் பூஜ்யத்தில் தொடங்காமல் 4 மில்லி ஆம்பியரில் தொடங்கி 20 வரை போகிறது என்று எனக்கு விளக்கினாய். தொட்டி காலியாக இருந்தாலும் 4 வந்துகொண்டே இருக்கும், ஒன்றுமே வரவில்லை என்றால் தொட்டி காலி என்று அர்த்தமில்லை, கம்பி அறுந்துவிட்டது என்று அர்த்தம் என்றாய். அதை நான் அதற்குப் பிறகு எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? இந்த 21 நாளில் அது அடிக்கடி நினைவுக்கு வந்தது.

இனி அந்தப் படத்தில் நான் பார்த்த மற்றொன்றைச் சொல்கிறேன். உன் வலது தோளுக்குப் பின்னால் கரண்டை அனுப்பும் ஒரு பீடரின் ஸ்விட்ச் கைப்பிடி தெரிகிறது. அது ஆஃப் நிலையில் இருக்கிறது. அதில் சிவப்பு டேக் ஒன்று, எச்சரிக்கை அட்டை, தொங்குகிறது. அந்த டேக்கைக் கைப்பிடியில் பூட்டு மாட்ட வேண்டிய துளையில், வெள்ளைக் கேபிள் டையால் கட்டியிருக்கிறார்கள். பூட்டு இல்லை. படத்தின் ஓரத்தில், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் பேனலுக்குள் ஒரு பையன் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டிருக்கிறான். அவன் முகம் படத்தில் விழவில்லை, கை மட்டும்தான் தெரிகிறது.

அன்று இரவு "அங்கே பூட்டெல்லாம் கொடுக்கிறார்களா?" என்று நான் கேட்டது அதனால்தான். "எல்லாம் பி.எல்.சி.யிலேயே இன்டர்லாக் இருக்கிறது அப்பா, உங்கள் காலம் மாதிரி இல்லை" என்றாய். மெஷின்களை ஓட்டும் கம்ப்யூட்டரிலேயே, ஆபத்தான நேரத்தில் அவற்றை ஓடவிடாத தடையை எழுதி வைத்திருக்கிறது என்கிறாய். என் காலம் மாதிரி இல்லைதான். என் காலத்தில் மோட்டாரை ஓட்டுகிறவன் ஸ்டார்ட்டருக்கு முன்னால் நின்று பொத்தானை அழுத்த வேண்டும், கத்தினால் அவன் காதில் விழும். உன் பிளான்ட்டில் அவன் கண்ட்ரோல் ரூமில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். ஒவ்வொரு சிக்னல் இணைப்பையும் சோதிக்கும் லூப் செக் நடக்கும் நாட்களில் ஒருவன் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அவுட்புட்டாக ஃபோர்ஸ் செய்து, அதாவது கட்டாயமாக ஆன் செய்து, பார்த்துக்கொண்டிருப்பான். ஃபோர்ஸ் செய்தால் புரோகிராமில் எழுதிய இன்டர்லாக் அந்த அவுட்புட்டைத் தடுக்காது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். புரோகிராமில் இருப்பது மெஷினைக் காப்பதற்கு, கையை உள்ளே விடுகிறவனைக் காப்பது கைப்பிடியில் தொங்கும் பூட்டு மட்டும்தான். டேக் என்பது ஒரு வேண்டுகோள். அவசரத்தில் இருப்பவன் வேண்டுகோளைப் படிக்க மாட்டான்.

பூட்டுகள் போதவில்லை, காண்டிராக்டர் இன்னும் தரவில்லை, மார்ச்சுக்குள் கமிஷனிங் முடிக்க வேண்டும் என்று நெருக்குகிறார்கள் என்றெல்லாம் இருக்கும். இருந்தாலும் உன் பூட்டை நீ போடு, சாவியை உன் சட்டைப் பையில் வை. உன் ஆட்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பூட்டட்டும். பூட்டிய பிறகும் டெஸ்டரை உயிருள்ள, அதாவது கரண்ட் இருக்கும், இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் வைத்துப் பார்த்து, மறுபடியும் உயிருள்ள இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல். நடுவில் டெஸ்டரே கெட்டுப்போயிருந்தால் அப்போதுதான் தெரியும். டிரைவை ஆஃப் செய்தவுடன் மூடியைத் திறக்க விடாதே, உள்ளே கெப்பாசிட்டரில் கரண்ட் நின்றுகொண்டிருக்கும், எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று மூடி மேலேயே ஒட்டியிருப்பார்கள். மெயினை ஆஃப் செய்தாலும் பேனலுக்குள் ஈரம் தட்டாமல் இருக்கப் போட்ட ஹீட்டருக்குத் தனி 230 வோல்ட் வந்துகொண்டிருக்கலாம். பக்கத்துப் பேனலிலிருந்து இன்டர்லாக்குக்காக வரும் ஆரஞ்சு நிற வயர்களிலும் அப்படித்தான். இவை எல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன். உன் பூட்டு, உன் சாவி, உன் சட்டைப் பை. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று நீ முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது.

நான் மேற்பார்வையாளர் தகுதிச் சான்றிதழுக்குப் படித்தபோது 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளை மனப்பாடம் செய்தேன். அதில் 36ஆவது விதி இதைப் பற்றியதுதான்: ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது அந்தக் கருவிக்கு எதிர்பாராமலோ கவனக்குறைவாலோ மின்சாரம் வந்துவிடாதபடி தடுக்க வேண்டும். அந்த விதியைத் தடுமாறாமல் ஒப்பித்தவன் நான். அதே விதியைத்தான் மீறினேன். இதை உனக்கு நான் சொன்னதில்லை. உன் அம்மாவுக்கும் பாதிதான் தெரியும்.

சைக்கிள் கடை மாமாவின் வலது கை அச்சகத்தில் அடிபட்டது என்று சிறு வயதில் உனக்குச் சொல்லியிருந்தோம். அது அச்சகத்தில் நடந்ததல்ல. அது நான் வேலை செய்த மில்லில், 1996 ஏப்ரலில், நீ பிறப்பதற்கு எட்டு மாதம் முன்னால் நடந்தது. அவர் அப்போது என் ஹெல்பர்.

மில்லின் காற்றில் ஈரப்பதம் சேர்க்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் ஒரு பெரிய ஃபேன் மோட்டார் ஓவர்லோடில் டிரிப் ஆகி நின்றுவிட்டது. நான் பேனலில் மூன்று பியூஸ் கேரியர்களையும், பியூஸ் கம்பியைத் தாங்கும் பீங்கான் கட்டைகளை, பிடுங்கினேன். பூட்டு என்ற பழக்கமே எங்களிடம் அப்போது இல்லை. யார் பிடுங்கினானோ அவன் கேரியர்களைத் தன்னோடே வைத்திருக்க வேண்டும், அதுதான் எங்கள் பூட்டு. பெல்ட்டைக் கழற்றி மோட்டாரைக் கையால் சுற்றிப் பார் என்று அவரை ஃபேன் அறைக்கு அனுப்பினேன். அதற்குள் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். அந்தப் பீங்கான் கேரியர்கள் பெரியவை, மூன்றும் பையில் கொள்ளவில்லை. ஐந்து நிமிடம்தானே என்று அவற்றைப் பேனலின் தலைமேல் வரிசையாக வைத்துவிட்டுப் போனேன். அவற்றை வைத்தபோது பீங்கான் தகரத்தில் பட்ட சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

அது ஷிப்ட் மாறும் நேரம். ஈரப்பதம் குறைந்து, ஸ்பின்னிங்கில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது என்று மேஸ்திரி கத்திக்கொண்டிருந்தார். அடுத்த ஷிப்ட் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். கேரியர்கள் மேலே இருக்கின்றன. பியூஸ் கட்டி முடித்து, மாட்ட மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து, மூன்றையும் மாட்டிப் பொத்தானை அழுத்தினார். அவர் கெட்டவர் அல்ல, நல்ல வேலைக்காரர். ஃபேன் அறையில் மாமாவின் கை பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் இருந்தது. மூன்று விரல்கள் போயின.

இதுவரை நடந்ததைத் தவறு என்று சொல்லலாம். அதற்குப் பிறகு நான் செய்ததற்கு அந்தப் பெயர் பொருந்தாது. விசாரணையில், நான் வேலையைத் தொடங்கச் சொல்லவில்லை, அவராகவே உள்ளே போய்விட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன் அம்மா மசக்கையில் இருந்தாள், வீட்டுக் கடன் இருந்தது, சான்றிதழ் பறிபோகும் என்று பயந்தேன். அவருடைய தாளில் கவனக்குறைவு என்று எழுதினார்கள். ஈ.எஸ்.ஐ. பணம் கிடைத்தது, ஆனால் மில்லில் அவருக்கு வேறு வேலை கொடுக்கவில்லை. அடுத்த வருடம் எனக்குச் சம்பளம் உயர்ந்தது. நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது கட்டிய பணம் அந்தச் சம்பளத்திலிருந்து கட்டியதுதான்.

அவருக்கு எல்லாம் தெரியும். ஃபேன் அறைக்குப் போகச் சொன்னது யார் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் நம் வீட்டுக்கு வந்து, இடது கையால் உனக்குப் பலகாரம் நீட்டும்போது வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொள்வார். குழந்தை பயந்துவிடும் என்று சொல்வார். நீ எலக்ட்ரிக்கல் எடுத்தபோது நான் வேண்டாம் என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தேனே, பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று நான் சொன்னதாக நீ இன்றும் வருத்தப்படுகிறாய். என் மனதில் இருந்தது அந்தத் துண்டு. அதைச் சொல்லத் தைரியமில்லாமல் நீ பெண் என்பதைக் காரணமாகச் சொன்னேன். அதற்காகவும் என்னை மன்னித்துவிடு.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். காப்பி குடித்தோம், உன்னைப் பற்றி விசாரித்தார், உன் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "பாப்பா பின்னால் அந்தப் பையன் யாரு?" என்று மட்டும் கேட்டார். நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்த பிறகு மறுபடியும் போகப் போகிறேன்.

அம்மா பருப்புப் பொடியும் எள்ளுருண்டையும் தனிப் பார்சலில் அனுப்புகிறாள். அதிலேயே நான்கு சிவப்புப் பூட்டுகளை வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சாவிதான், மற்றொன்றின் சாவி அதற்குச் சேராது. ஒன்று உனக்கு, ஒன்று படத்தில் கை மட்டும் தெரிகிற அந்தப் பையனுக்கு, மற்ற இரண்டை யாருக்கு என்று நீ பார்த்துக் கொடு.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும் என்று இல்லை. பார்சல் வந்து சேர்ந்ததும் அதே பேனலுக்கு முன்னால் நின்று இன்னொரு படம் எடுத்து, கைப்பிடி தெரியும்படி அனுப்பு. அந்தப் பையனையும் முகம் தெரிகிற மாதிரி நிற்கச் சொல்.

அன்புடன்,
அப்பா