தொகைமதிப்பு எண்களும் முஸ்லிம்கள் மீதான அச்சமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

முஸ்லிம்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள், நாடே அவர்கள் கைக்குப் போய்விடும் என்ற பேச்சு இப்போது ஹட்டன் பஸ் நிலையத்தில் நம்மவர் வாயிலும் கேட்கிறது. சம்பள நாள் வரை கொப்பியில் எழுதிக்கொண்டு அரிசியும் மாவும் கொடுக்கும் கடைக்கார நானாவின் வாசலில் நின்றபடியே அப்படிப் பேசுபவர்களும் உண்டு.

1981ஆம் ஆண்டுத் தொகைமதிப்பில் ஏறத்தாழ 7 சதவீதமாக இருந்த இலங்கைச் சோனகரின் (நாட்டு முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலானோர் பதிவாகும் இனப்பிரிவு) பங்கு 2012இல் 9.3 சதவீதமானது உண்மைதான். அது 31 ஆண்டுகளில் நேர்ந்த உயர்வு என்பதையும், அதே காலத்தில் சிங்களவரின் பங்கும் 74இலிருந்து ஏறத்தாழ 75 சதவீதமானது என்பதையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. முஸ்லிம் குடும்பங்களில் பிறப்பு சற்று அதிகம் என்பது ஒரு காரணம். யுத்தத்தால் இலட்சக்கணக்கான தமிழர் வெளியேறியதில் மற்றோரின் பங்கு தானாகவே கூடியது இன்னொன்று. மலையகத் தமிழரான நாம் இதே கணக்கில் 5.5இலிருந்து 4.1 சதவீதமாகக் குறைந்திருக்கிறோம். நம்மில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி கப்பலேறிப் போனவர்களையும், 'இலங்கைத் தமிழர்' என்ற நிரலில் பதிவானவர்களையும் விட்டுவிட்டு அந்த எண்ணை வாசிக்க முடியுமா? தொகையைக் காட்டிக் கிளப்பிய அச்சமும் சேர்ந்தே 1948இல் நம் குடியுரிமையைப் பறித்தது. அந்தப் பேச்சை நாமே திருப்பிச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிறப்பு வீதம் மதத்தோடு மாறாமல் நிற்பதும் இல்லை. இந்தியத் தேசிய குடும்ப நல ஆய்வின்படி, அங்கு முஸ்லிம் பெண் ஒருவருக்குச் சராசரியாக 1992-93இல் 4.4 பிள்ளைகள், 2019-21இல் 2.4. ஆனால் அச்சம் கணக்குப் பார்ப்பதில்லை. 2016இல் இப்சோஸ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது, பிரான்ஸ் மக்கள் தம் நாட்டில் முஸ்லிம்கள் சராசரியாக 31 சதவீதம் என்று ஊகித்தார்கள், உண்மையில் 7.5 சதவீதம்தான்.

இங்கே அது ஊகத்தோடு நிற்கவில்லை. 2018 பெப்ரவரியில், முஸ்லிம் உணவகம் ஒன்றில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கிளம்பிய வதந்தியால் அம்பாறையில் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. மாத்திரை எனப்பட்டது மாவுக்கட்டி என்பது அரச பகுப்பாய்வில் பின்னர் தெரிந்தது. அடுத்த சில நாட்களில், தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து, கண்டி மாவட்டத்துத் திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன.

ஆகவே 2024 தொகைமதிப்பு பற்றி எழுதும்போது இனவாரிச் சதவீதத்தை மட்டும் தலைப்பிலிட்டு விட்டுவிடாமல், வயது, குடிபெயர்வு, யார் எந்த நிரலில் எண்ணப்பட்டார்கள் என்ற விபரங்களையும் அதே பக்கத்தில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர் ஒருவர்,
ஹட்டன்.