ஓட்டு வீடு இடத்தை வீணாக்குகிறதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவில் நகருக்குள் அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்குச் சொத்து வரி விலக்கு கொடுத்தால் ஊர் வெளியே பரவாது, வயல் பிழைக்கும் என்று போன ஞாயிற்றுக்கிழமை கட்டுரை போட்டிருந்தீர்கள். வயல் பிழைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நடுவில் ஒரு வரி. வடசேரி, கோட்டாறு பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகள் இடத்தை வீணாக்கிக்கொண்டு நிற்கின்றனவாம். படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தவள்தான், இரண்டு நாள் கையில் எடுக்கவில்லை. 30 வருஷமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறவள் நான்.

வடசேரியில் என் வீடு 7 சென்ட். ஓட்டு வீடுதான். முன்னால் நான், பின்கட்டில் ஒரு குடும்பம், பக்கத்துப் போர்ஷனில் இன்னொரு குடும்பம், மச்சில் சந்தைக்கு வேலைக்குப் போகிற அண்ணன் தம்பி இரண்டு பேர். மொத்தம் 13 பேர், ஒரே கிணறு. அடுத்த காம்பவுண்டில் இரண்டு ஓட்டு வீடுகளை இடித்து நாலு மாடி எழுப்பினார்கள். 12 வீடு. எல்லாம் விற்றும் போய்விட்டது, சரி. வாங்கினவர்களில் பாதிக்கு மேல் வளைகுடாவில் இருக்கிறார்கள். ராத்திரி எங்கள் முற்றத்தில் நின்று பார்த்தால் மூன்று வீட்டில்தான் விளக்கு எரியும். மூன்றாவது மாடியில் ஒரு குளியலறை ஜன்னல் கொண்டி போடாமல் கிடக்கிறது. ஆடிக் காற்றில் அது விடிய விடிய அடித்துக்கொள்ளும், போய்ச் சாத்த ஆள் இல்லை. இப்போது சொல்லுங்கள், இடத்தை வீணாக்குவது யார்?

அவர்கள் போர் போட்ட பிறகு சித்திரையில் எங்கள் கிணறு வற்றத் தொடங்கியது. செப்டிக் டேங்க் நிரம்பினால் நாற்றம் எங்கள் முடுக்கில்தான். கட்டினவரிடம் போய்ச் சொன்னேன். விற்றாகிவிட்டது, இனி என்னிடம் வந்து என்ன பயன் அம்மா என்றார். அவருக்கா வரி விலக்கு?

2022இல் சொத்து வரி ஏறியபோது 600 சதுர அடிக்கு மேல் 1200 வரை உள்ள வீடுகளுக்கு 50 சதவீதம் கூட்டினார்கள். என் வீடு அதற்குள் வருகிறது. வாடகையைக் கூட்டாமல் அரையாண்டுக்கு அரையாண்டு நான்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். கூட்டினால் பின்கட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாற வேண்டியிருக்கும். 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர், சென்னைக்கு அடுத்தபடி நெருக்கமான மாவட்டம் நம்முடையது. நெருங்கி வாழ்வது எங்களுக்குப் புதிதில்லை ஐயா.

வயலைப் பற்றியும் சொல்கிறேன். பறக்கையில் அப்பா பயிரிட்ட வயலைச் சுற்றி மூன்று பக்கமும் மண் அடித்து மனைக்கல் நட்டார்கள். மடை அடைபட்டது, தண்ணீர் ஏறவில்லை. கடைசியில் நாங்களும் விற்றோம். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது இன்றைக்கும் நான் ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டேன். அதனால்தான் கட்டுரையை முழுக்கப் படித்தேன்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தை உதாரணம் காட்டியிருந்தீர்கள். 1995இல் வந்த சட்டம், புதுக் கட்டடத்துக்கு 8 வருஷமோ 12 வருஷமோ வரி இல்லை என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். நிலத்துக்கு அங்கேயும் வரி உண்டு. 12 வருஷ விலக்கு வேண்டுமென்றால் ஐந்தில் ஒரு பங்கு வீட்டை வருமானம் குறைந்தவர்களுக்கு, அவர்கள் தாங்குகிற வாடகைக்கோ விலைக்கோ கொடுக்க வேண்டும். என் தங்கை மகள் சியாட்டிலில் அப்படி ஒரு வீட்டில்தான் வாடகைக்கு இருக்கிறாள். சம்பளச் சீட்டெல்லாம் காட்டின பிறகே சாவி கொடுத்தார்களாம். நீங்கள் அறியாத விஷயமா இது? அறிந்தும் அந்தப் பாதியை விட்டதுதான் எனக்கு வருத்தம். இங்கே விலக்கு கொடுப்பதானால் ஆள் குடியிருக்கிற வீட்டுக்குக் கொடுக்கட்டும். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு எதற்கு?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விட்டுப்போன அந்த நிபந்தனையை அதே பக்கத்தில் நாலு வரியாவது போடுங்கள். அப்புறம், கட்டுரை எழுதியவரை ஒரு நாள் ராத்திரி 7 மணிக்கு மேல் எங்கள் தெருவுக்கு அனுப்பி வையுங்கள். வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகி,
வடசேரி, நாகர்கோவில்.