மின்னொளி கபடி நடத்தும் விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள விழாக் குழு அண்ணன்மார்களுக்கும், லைட் செட் போடும் தோழர்களுக்கும் வணக்கம்.

பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஊர் ஊராக "மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி" என்று நோட்டீஸ் அடித்து ஒட்டுகிறீர்கள். நன்கொடை வசூலித்து, தரையைக் கொத்திச் சமப்படுத்தி, தண்ணீர் தெளித்து, வெளியூர் அணிகளுக்குச் சாப்பாடு போட்டு, விடிய விடிய ஆட்டத்தை நடத்தி முடிப்பது என்ன பாடு என்று, கபடிப் படம் எடுக்கக் கேமராவோடு வந்து பக்கத்தில் இருந்து பார்க்கிறவன் நான். நோட்டீஸில் பெரிய எழுத்தில் போடுகிறீர்களே, அந்த மின்னொளியைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

போட்டி முடிந்த மறுநாள் எங்களிடம் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "ஏம்ப்பா, படமெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கு? நல்ல கேமராதானே வச்சிருக்க?" அந்தப் புள்ளிகளைத்தான் நாங்கள் நாய்ஸ் என்கிறோம். கேமராவை மாற்றினால் அது கொஞ்சம் குறையும். லைட்டைச் சரியாகப் போட்டால் நிறையவே குறையும்.

ஒளி துளித் துளியாக வருவது. தூறல் விழும்போது முற்றத்தில் வரிசையாக டம்ளர்களை வைத்தால் ஒன்றில் ஐந்து துளி விழும், பக்கத்தில் இருப்பதில் இரண்டுதான் விழும். அடைமழை என்றால் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் நிறையும். கேமராவுக்குள் ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சாரிலும் இதுதான் நடக்கிறது. வெளிச்சம் குறைந்தால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்குள் ஏற்றத்தாழ்வு வருகிறது, முகம் மணல் தூவியதுபோல் தெரிகிறது. வெளிச்சம் நான்கு மடங்கானால் இந்த நாய்ஸ் பாதியாகும். படத்தைப் பளிச்சென்று காட்ட கேமராவில் ஏற்றி வைக்கும் ஐஎஸ்ஓ என்ற அளவைக் கூட்டுவதால் புதிதாக ஒளி எதுவும் வந்துவிடாது. இருக்கிற கொஞ்சத்தைப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான்.

கபடியில் ஷட்டர் வேகத்தைக் குறைத்து, அதிக நேரம் ஒளியை உள்ளே விட்டு எடுக்கவும் வழியில்லை. பாடிப் போய்ப் பிடிபட்ட ரைடர் திமிறும்போது 1/500 நொடியாவது வேண்டும், பாய்ந்து பிடிப்பதை எடுக்க 1/800 வேண்டும். நிறைய ஒளியை உள்ளே விடும் எஃப் 2.8 லென்ஸை முழுதாகத் திறந்து 1/500 வைத்தால், 150 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ 6400 வரை போக வேண்டியிருக்கிறது. நடுக்கோட்டுப் பக்கம் அந்த 150 லக்ஸ் கிடைத்துவிடும். மூலைக்குப் போனால் பல ஊர்களில் இதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. ஆனால் ஆட்டத்தின் உயிரே மூலையில்தான் இருக்கிறது. கார்னரில் நிற்கிற பையன் குனிந்து கணுக்காலைப் பிடிப்பது அங்கேதான்.

ரைடருக்குக் கூடுதல் பாயிண்ட் தரும் போனஸ் கோட்டைப் பாருங்கள். முன்கால் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும், பின்கால் தரையைத் தொடாமல் தூக்கியிருக்க வேண்டும். அந்தக் கணம் படத்தில் விழும். பெருவிரலுக்கும் சுண்ணாம்புக் கோட்டுக்கும் நடுவில் விரலளவு மண்ணும் தெரியும். ஆனால் இருட்டு மூலையில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் கோடும் விரலும் மண்ணும் ஒரே பொரிக் கூட்டமாகிவிடும்.

ஆகவே முதல் வேண்டுகோள், லைட்டுகளைக் கோர்ட்டின் நீளவாட்டில் இரண்டு பக்கமும் போடுங்கள். கோர்ட் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம்தான். பக்கத்துக்கு மூன்று கம்பம் நட்டு, கடைசிக் கம்பங்களைக் கடைக்கோட்டை ஒட்டி நிறுத்தினால் மூலைக்கும் வெளிச்சம் போகும். கடைக்கோட்டுக்குப் பின்னால் போடவே வேண்டாம். பாடிக்கொண்டு போகிற பையனின் கண்ணில் நேராக அடிக்கும். கயிறு கட்டி நடுவில் தலைக்கு மேல் தொங்கவிடும் வழக்கமும் நல்லதில்லை. தரை பளிச்சென்று இருக்கும், குனிந்து ஆடுகிறவன் முகம் கறுத்துப்போகும். அந்த நிழலை அப்புறம் கம்ப்யூட்டரில் தூக்கினால் நாய்ஸும் சேர்ந்தே எழுந்து வரும்.

அடுத்தது மினுக்கல். இதுதான் எங்களைப் பாடாய்ப் படுத்துகிறது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் மெட்டல் ஹாலைடு விளக்கும் மட்டமான டிரைவர் (எல்இடிக்குக் கரண்டைச் சீராக்கிக் கொடுக்கும் பெட்டி) போட்ட எல்இடியும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது. 1/800ல் திறந்து மூடும் கேமரா அந்தச் சுற்றில் எட்டில் ஒரு பங்கைத்தான் பார்க்கிறது. தொடர்ந்து எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். நல்ல பிடி மங்கலான படத்தில் விழுந்துவிட்டால் தொலைந்தது. 2014க்குப் பிறகு வந்த சில கேமராக்களில் மினுக்கலைக் கணித்து எடுக்கும் வசதி இருக்கிறது, ஆனால் எல்லார் கையிலும் அது இல்லை.

இதற்கு வயர்மேனிடமே மருந்து உண்டு. மூன்று ஃபேஸ் சப்ளை இருந்தால் எல்லா விளக்கையும் ஒரே ஃபேஸில் கொடுக்காமல் மூன்றுக்கும் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஏறும், கோர்ட்டில் ஒவ்வொரு இடத்திலும் மூன்று ஃபேஸ் விளக்கும் விழுந்தால் வெளிச்சம் ஏறக்குறைய சீராகிவிடும். சிங்கிள் ஃபேஸ் ஜெனரேட்டர் என்றால் நல்ல டிரைவர் உள்ள எல்இடிதான் ஒரே வழி. வெள்ளையையும் மஞ்சளையும் கலக்கவும் வேண்டாம். மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு, நிறத்தைச் சரிசெய்ய நீலத்தை ஏற்றும்போது நாய்ஸ் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

லேசர் விளக்கை மட்டும் தயவுசெய்து கோர்ட் பக்கம் திருப்பாதீர்கள். சென்சாரில் நேராக விழுந்தால் அது நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். ஆடுகிற பிள்ளைகளின் கண்ணைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"ஏஐ வந்திருச்சே, புள்ளியை அழிச்சுக்க வேண்டியதுதானே" என்கிறார்கள். நானும் பயன்படுத்துகிறேன். ஓரளவு நாய்ஸை நன்றாகவே எடுக்கிறது. மிஞ்சினால் புழுதியையும் நாய்ஸ் என்று நினைத்துத் துடைக்கிறது, ஜெர்சியில் இருக்கிற ஊர்ப் பெயரை எந்த மொழியிலும் இல்லாத எழுத்தாக்குகிறது, பதினாறு வயதுப் பையன் முகத்தை மெழுகுப் பொம்மையாக்குகிறது. அது அவன் முகமே இல்லை.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கபடி அணிகள் தங்கம் வென்றன. பெண்கள் அணியில் கண்ணகி நகர் கார்த்திகா, ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷ். அவர்களைப்போல மேலே போகப்போகிற பிள்ளை இந்த வருடம் உங்கள் ஊர் மண்ணில் ஆடலாம். அந்த ஆட்டத்துக்கு ஸ்கோர் ஷீட்டைத் தவிர நாங்கள் எடுக்கும் படம்தான் சாட்சி.

எங்கள் பங்குக்குச் சொல்கிறேன். ஆட்டம் நடக்கும்போது ஃபிளாஷ் அடிக்க மாட்டோம். நடுவர் காட்டும் இடத்தைத் தாண்டி வர மாட்டோம். உங்கள் ஊர் அணியின் படங்களைப் பெரிய அளவிலேயே தருவோம், எங்கள் பெயர் பொறித்து மறைக்க மாட்டோம்.

லைட் கட்டும் அன்று இருட்டியதும் ஒரு பையனைக் கோர்ட்டின் நான்கு மூலையிலும் நடுவிலும் நிற்க வைத்து, செல்போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள். முகம் மினுக்கினாலோ கண்குழி கறுத்திருந்தாலோ சரிசெய்ய அப்போது நேரம் இருக்கும். பக்கத்து ஊர் போட்டோகிராபர் யாரையாவது கூப்பிட்டாலும் வந்து பார்த்துச் சொல்வோம். அரை மணி நேர வேலைதான், அதற்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
கபடிப் படம் எடுக்கும் உங்கள் தம்பி