முடி கொட்டுவதற்கு மாத்திரை எழுதும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தோல் மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

போன வாரம் என் தம்பியைக் கூட்டிக்கொண்டு உங்களில் ஒருவரிடம் வந்திருந்தேன். அவனுக்கு 23 வயது. நெற்றியின் இரண்டு ஓரமும் மேலே ஏறிவிட்டது, உச்சந்தலையிலும் தோல் தெரிய ஆரம்பித்துவிட்டது. மருத்துவர் தலையைக் குனியச் சொல்லிப் பார்த்தார். சீட்டு எழுதி நீட்டினார். ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம், தினம் ஒன்று, மூன்று மாதம். அவ்வளவுதான். வெளியே வந்து அந்தச் சீட்டைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் வேறொரு மருத்துவர் எனக்குக் கொடுத்த சீட்டிலும் இதே ஒரு வரிதான் இருந்தது.

மூன்று மாதம் என்று எழுதினால், வாங்கிப் போகிறவன் மூன்று மாதத்தில் வேலை முடிந்துவிடும் என்றுதானே நினைப்பான்? நானும் அப்படித்தான் நினைத்தேன். காய்ச்சலுக்குக் கொடுக்கும் மாத்திரை மாதிரி, கொடுத்ததை விழுங்கி முடித்தால் சரியாகிவிடும் என்று. 90 நாள் தவறாமல் விழுங்கினேன். கண்ணாடியில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. சரி, இது நமக்குக் கேட்கவில்லை என்று விட்டுவிட்டேன்.

உங்களுக்குத் தெரியும், மூன்று மாதம் என்பது இந்த மருந்தின் பலன் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் காலம் மட்டுமே. கேட்கிறதா இல்லையா என்று சொல்ல ஒரு வருடமாவது வேண்டும். கேட்டாலும், சாப்பிடும்வரைதான் பலன். நிறுத்தினால், முடி வேரைச் சுருங்க வைக்கும் டிஹெச்டி என்ற ஹார்மோன் பழைய அளவுக்குத் திரும்பும், பிடித்து வைத்திருந்த முடி ஒரு வருடத்துக்குள் போய்விடும். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாகத் தேடிப் படித்துத் தெரிந்துகொள்ள நான்கு வருடம் ஆயிற்று. மறுபடி தொடங்கி இப்போது ஐந்து வருடம் ஆகிறது. தொடங்கிய அன்று தலையில் இருந்த முடி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அந்த நான்கு வருடத்தில் போனது போனதுதான்.

என் அனுபவம் புதிதொன்றும் இல்லை. இந்த மருந்தை ஐந்து வருடம் சாப்பிட்டவர்களையும், மருந்தில்லா மாத்திரை சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்ட ஆய்வின் முடிவு வெளியாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. புகைப்படங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், மருந்து சாப்பிட்டவர்களில் 90 விழுக்காட்டினருக்கு மேற்கொண்டு முடி குறையவில்லை. மற்றவர்களில் 75 விழுக்காட்டினருக்குக் குறைந்திருந்தது. அதாவது பெரும்பாலானவர்களுக்கு இது இருப்பதைக் காப்பாற்றும் மருந்து. கொஞ்சம் வளர்ந்தால் அது லாபம். இந்த ஒரு வாக்கியத்தை 26 வயதில் என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் நான் நிறுத்தியிருக்க மாட்டேன்.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தது என் முடி இல்லை.

இரண்டாவது முறை வேறொரு மருத்துவரிடம் போனேன். புராஸ்டேட் வீக்கத்துக்கு இதே மருந்தில் வரும் 5 மில்லிகிராம் மாத்திரையை வாங்கி நான்காக வெட்டிச் சாப்பிடுங்கள், செலவு குறையும் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கத்தியால் வெட்டுவேன். அது ஒருநாளும் நான்காகப் போனதில்லை. ஒரு துண்டு பெரிதாக இருக்கும், ஒன்று நொறுங்கிப் பொடியாகிவிடும். மேல்பூச்சு நீலச் செதில் செதிலாக மேசையில் சிதறிக் கிடக்கும். என் மனைவி அதை உள்ளங்கையால் கூட்டி எடுத்துத் தட்டுவாள். அப்போது அவள் நான்கு மாதக் கர்ப்பிணி.

ஒரு நாள் ராத்திரி, மாத்திரை அட்டையோடு மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்து அவள்தான் படித்தாள். எறும்பு எழுத்து. விளக்குப் பக்கம் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தவள் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். திரும்பி வந்து, “இதைப் படிச்சீங்களா?” என்று கேட்டாள். உடைந்த, நொறுங்கிய மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது. வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். முழு மாத்திரைக்கு மேல்பூச்சு இருப்பதே மருந்து கையில் படாமல் இருப்பதற்கும்தான். அந்தப் பூச்சைத்தான் நான் தினமும் கத்தியால் பிளந்துகொண்டிருந்தேன்.

அவளைப் பார்த்துவந்த மகப்பேறு மருத்துவர் பொறுமையாகப் பேசினார். தோல் வழியாகப் போகும் அளவு மிகக் குறைவு, பயப்படாதீர்கள் என்றார். அவர் சொன்னது சரி என்று மூளைக்குத் தெரிந்தது. மனதுக்குத் தெரியவில்லை. அதன்பிறகு வந்த ஒவ்வொரு மாதமும் நாங்கள் இருவரும் அதைப் பேசாமலே அதைப் பற்றி மட்டும் நினைத்துக்கொண்டிருந்தோம். பிறந்த மகனைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் துணியை விலக்கித்தான் பார்த்தேன். அவன் நன்றாக இருக்கிறான். ஆனால் அந்த முதல் பார்வை எனக்குத் திரும்பக் கிடைக்காது. மாத்திரையை வெட்டச் சொன்னவர், “வீட்டில் யாராவது கர்ப்பமாக இருக்கிறார்களா?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

இது மருத்துவர்களுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. டெஸ்டோஸ்டிரோனை டிஹெச்டியாக மாற்றும் நொதி குறைவாகப் பிறந்த டொமினிக்கன் குடியரசுப் பிள்ளைகளைப் பற்றி 1974-இல் எழுதியிருக்கிறார்கள். அந்த ஆண் பிள்ளைகள் பிறக்கும்போது பெண் பிள்ளைகள் போலத் தெரிந்தார்கள். அந்த நொதியைத் தடுக்கும் மருந்தைத் தேட வழி காட்டியதே இந்தக் கண்டுபிடிப்புதான். மருந்து பிறந்த கதையிலேயே எச்சரிக்கையும் இருக்கிறது. சீட்டில் மட்டும் அது இல்லை.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். முதல் சீட்டோடு ஒரே ஒரு தாள் கொடுங்கள். நோயாளிக்குத் தெரிந்த மொழியில், படிக்கக்கூடிய எழுத்தில், ஒரு பக்கம்.

எவ்வளவு, ஏன் அவ்வளவு என்று அதில் இருக்கட்டும். என் நண்பர் ஒருவர் சீக்கிரம் வளரட்டும் என்று 5 மில்லிகிராமை முழுசாகவே விழுங்கி வந்தார். தலைத்தோலில் டிஹெச்டி எவ்வளவு குறைகிறது என்று 1999-இல் அளந்தே பார்த்திருக்கிறார்கள். 0.2 மில்லிகிராமில் சுமார் 57 விழுக்காடு, 1 மில்லிகிராமில் 64, 5 மில்லிகிராமில் 69. ஐந்து மடங்கு மருந்துக்குக் கூடுதலாக ஐந்து விழுக்காடு. இதைப் பார்த்த பிறகு யாராவது ஐந்தை விழுங்குவார்களா?

பக்கவிளைவையும் அதே தாளில் எழுதுங்கள். “ஒன்னும் ஆகாது” என்று சொல்லி அனுப்பாதீர்கள். மருந்துக்கு ஒப்புதல் வாங்கிய ஆய்வுகளிலேயே பாலுணர்வு தொடர்பான தொந்தரவு மருந்து சாப்பிட்டவர்களில் 3.8 விழுக்காட்டினருக்கும், மருந்தில்லா மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.1 விழுக்காட்டினருக்கும் வந்தது. எண் சிறியதுதான். சொன்னால் பயந்து ஓடிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். சொல்லாமல் விட்டால்தான் ராத்திரி இரண்டு மணிக்கு இணையத்தில் தேடி, இதைவிடப் பத்து மடங்கு பயத்தோடு படுப்பார்கள். சிலருக்கு நிறுத்திய பிறகும் அந்தத் தொந்தரவு தொடர்ந்ததாகப் புகார்கள் வந்து, 2012-இல் அமெரிக்காவில் மருந்துக் குறிப்பில் சேர்த்தார்கள். 2025-இல் ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு, தற்கொலை எண்ணமும் இதன் பக்கவிளைவு என்று உறுதி செய்தது. என் தம்பி முடி போனதிலிருந்தே சரியாகப் பேசுவதில்லை. தொப்பி இல்லாமல் வாசல்படி தாண்டுவதில்லை. மனசு எப்படி இருக்கிறது என்று அவனிடம் யார் கேட்க வேண்டும்? மருந்து தொடங்கிய பின் அவனிடம் எதைக் கவனிக்க வேண்டும் என்று வீட்டில் இருக்கிற எங்களுக்கு யார் சொல்ல வேண்டும்?

தலையில் பூசும் மினாக்சிடில் மருந்தை எழுதினாலும் இதே கதைதான். பூச ஆரம்பித்த சில வாரங்களில் முடி முன்பைவிட அதிகமாகக் கொட்டும், பழைய முடி உதிர்ந்து புதியது கிளம்புவதன் அடையாளம் அது என்று ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லாததால் குளியலறையில் கொத்துக் கொத்தாகப் பார்த்து, பாட்டிலைத் தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேர்!

இன்னொரு பக்கம் கடை விரித்திருப்பவர்கள். மூன்று கேள்விக்குப் பதில் சொன்னால் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. பயோட்டின், சீரம், எண்ணெய், ஷாம்பு எல்லாம் சேர்த்து ஒரு பெட்டி. ஒரே ஆளை இரண்டு விதமான வெளிச்சத்தில் எடுத்த படம். 20 வயதுப் பையன்களின் வெட்கத்தில் காசு பார்க்கிறவர்கள் இவர்கள். இவர்களை நினைத்தால் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. ஆனால் பையன்கள் அங்கே போவது ஏன்? நீங்கள் பேசவில்லை, அவர்கள் பேசுகிறார்கள்.

மன்னிக்க வேண்டும், அவர்கள்மேல் இருக்கும் கோபத்தை உங்கள்மேல் கொட்டுகிறேன். உங்கள் அறைக்கு வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று நானும் பார்த்தேன். ஒவ்வொருவரிடமும் அரைமணி நேரம் பேச முடியாது. அதனால்தான் தாள் கேட்கிறேன். ஒருமுறை எழுதினால் போதும், அப்புறம் நகல்தான். முதல் நாள் தலையை ஒரு படம் எடுத்து வையுங்கள், ஒரு வருடம் கழித்து அதே கோணத்தில் இன்னொன்று எடுங்கள், பலன் இருக்கிறதா என்று அவனுக்கே தெரியும். வயது ஏறிப் புராஸ்டேட்டுக்காகப் பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனை செய்யும்போது இந்த மாத்திரை அந்த அளவை ஏறக்குறைய பாதியாகக் காட்டும், அதனால் அன்றைய மருத்துவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்பதும் தாளில் இருக்கட்டும். இருபது வருடம் கழித்து யாருக்கு நினைவிருக்கும்? தாள் இருக்கும்.

தம்பி இன்னும் மாத்திரை அட்டையைப் பிரிக்கவில்லை. சாப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு சாப்பிடு என்றுதான் சொன்னேன். அடுத்த வாரம் அவனைக் கூட்டிக்கொண்டு மறுபடி வருகிறேன். தயவுசெய்து அந்த ஒரு தாளை அவன் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அண்ணன்