ஆயிஷாவுக்கு, ஒரு படம் பார்த்துவிட்டு

அன்புள்ள ஆயிஷா,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். உம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான். நீ கேட்ட மாசிக் கருவாட்டைச் செய்யது காக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். மற்ற காயல்பட்டினம் கதையெல்லாம் உன் லாத்தா சொல்லியிருப்பாள். நீ ரியாத் ரோட்டில் கார் ஓட்டுகிற வேகம்வரைக்கும் அவள் எனக்குச் சொல்லிவிட்டாள்!

நான் எழுத வந்தது 'வஜ்தா' படத்தைப் பற்றி. 2012இல் வந்தது. உன் ஊரிலேயே எடுத்த படத்தை இன்னும் பார்க்காமல் இருக்கிறாயே! ஹைஃபா அல் மன்சூர் என்ற சவூதிப் பெண் எடுத்தது. அப்போது அங்கே தியேட்டரே கிடையாது. தெருவில் ஆம்பிளைகளோடு நின்று வேலை வாங்க முடியாதென்று, வேனுக்குள் உட்கார்ந்து வாக்கி டாக்கியில் சொல்லிச் சொல்லியே எடுத்திருக்கிறார்.

கதை சின்னதுதான். வஜ்தா என்கிற பிள்ளைக்குச் சைக்கிள் வேண்டும், விலை 800 ரியால். குர்ஆன் போட்டியில் ஜெயித்தால் 1000 ரியால். அதற்காக ஓத உட்காருகிறாள்.

நம் வீட்டுப் பிள்ளைகளைப் படத்தில் எப்படிக் காட்டுவார்கள் என்று உனக்கே தெரியும். ஒன்று அழுதுகொண்டே இருப்பாள், இல்லை மார்க்கத்தை உதறிவிட்டு ஓடுவாள். இவள் அப்படி இல்லை. கறுப்பு ஷூதான் போட வேண்டும் என்றதும் பழைய கான்வாஸ் ஷூவுக்கே மார்க்கரால் கறுப்படித்துக்கொண்டு வருகிறாள். முதலில் தட்டுத் தடுமாறித்தான் ஓதுகிறாள். அப்புறம் போட்டியில் அவள் ஓதினாளே, காசுக்காகப் படித்தாள் என்பதே எனக்கு மறந்துபோனது. ஓதலும் சைக்கிளும் அந்தப் பிள்ளைக்குள் சேர்ந்தே இருக்கின்றன, பெரியவர்களுக்குத்தான் பொறுக்கவில்லை. பரிசை வாங்கிக்கொண்டு சைக்கிள் வாங்கப் போகிறேன் என்றதும், அந்தக் காசைப் பாலஸ்தீனத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

வஜ்தாவின் வாப்பா வீட்டு வம்ச மரத்தில் ஆம்பிளைகள் பெயர் மட்டும்தான். இவள் தன் பெயரை எழுதி ஊசி குத்தி மாட்டுகிறாள், யாரோ பிய்த்து எடுத்துவிடுகிறார்கள். நம் ஊரில் வீடே பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் நம் வீட்டுக்கு வந்து இருக்கிறார். ஆனால் வம்சம் சொல்லும்போது எத்தனை பேர் உம்மம்மா பெயரைச் சொல்கிறார்கள்?

இதெல்லாம் சரி. இக்பால் விஷயம்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. வஜ்தாவின் உம்மாவை வேலைக்குக் கூட்டிப்போகிற வெளிநாட்டு டிரைவர். உம்மாவின் தவிப்பு நமக்குப் புரிகிறது. கண்டிப்பான அந்தத் தலைமையாசிரியைகூட மனதில் நிற்கிறாள். இவனுக்கு மட்டும் கத்தலும் எரிச்சலும்தான். அவனும் தொழுகிறவன்தானே? அவனுக்கும் ஓதிக்கொடுத்த உம்மா இருந்திருப்பாள் அல்லவா? அவன் வேலையை விட்டதும் வஜ்தாவும் கூட்டாளிப் பையனும் அவன் இருக்கிற இடத்துக்கே போய், பையனின் மாமா செல்வாக்கைச் சொல்லி மிரட்டுகிறார்கள். சிரிக்க வைக்கத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு வாப்பா நினைவு வந்துவிட்டது. அங்கே அவர் வண்டி ஓட்டின காலமெல்லாம் விசா பயத்திலேயே போனது, உனக்குத் தெரியாததா? அதுவரை கைதட்டிக்கொண்டிருந்த நான் கொஞ்ச நேரம் படத்தை நிறுத்திவிட்டேன். ஒரு பிள்ளையின் துணிச்சலுக்கு இன்னொரு ஏழையின் பயம்தானா விலை?

அதற்காகப் பார்க்காமல் இருந்துவிடாதே. சுமையாவையும் உட்காரவை, அவளுக்கும் அதே வயசுதான். இக்பாலைப் பற்றி நீயாக எதுவும் சொல்லாதே. அவளாகக் கேட்கிறாளா என்று பார்த்து எனக்கு எழுது.

வஸ்ஸலாம்.
உன்,
ஜைனப்