சேர்க்கைக் கதவை எப்போது திறப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயது வந்தோர் கல்வி பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, எவர் எந்த நாளில் வந்தாலும் உடனே வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று வாதிடுகிறது. மாலை வகுப்பில் நெடுநாளாகக் கற்பித்துவரும் எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

எந்த நாளும் சேரலாம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வகுப்பறையில் நடப்பது வேறு. திங்களன்று பின்னங்களைத் தொடங்குகிறோம். புதனன்று புதிதாக இருவர் வருகிறார்கள். ஒருவருக்கு வாய்ப்பாடு அத்துப்படி, மற்றவருக்கு எண்களை எழுதவே கை தயங்குகிறது. அவர்களுக்காகப் பாடத்தை முதலிலிருந்து சொல்கிறோம். அடுத்த வாரம் இன்னும் மூவர். மறுபடியும் அதே முதல் பக்கம். ஒரு நாளும் தவறாமல் வந்துகொண்டிருந்தவர் இதையெல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார். அவர் போனது பதிவேட்டில் தெரியாது. அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பாரே! பல மையங்கள் இந்த முறையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் கருணையைவிட இந்தத் தலைக்கணக்கே காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நிதி கொடுப்பவர்கள், ‘எத்தனை பேர் சேர்ந்தார்கள்’ என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும்வரை இது மாறாது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த நிலைக்குப் போனார்கள் என்று அவர்கள் கேட்கத் தொடங்கினால், சேர்க்கை விதிகளைப் பற்றி மையங்களே யோசிக்கும்.

அதற்காக, ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் கதவைத் திறந்து உடனே பூட்டிவிடும் முறைக்கும் நான் ஆதரவாளர் இல்லை. அதை ஆதரிப்பவர்கள் வரலாற்றைத் துணைக்கு அழைப்பார்கள். 1963-ல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் பாவ்லோ ஃப்ரெய்ரே என்ற கல்வியாளரின் குழு ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்குச் சுமார் 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுத்தந்தது. 1961-ல் கியூபா ஒரே ஆண்டில் 7 லட்சம் பேருக்கு எழுத்தறிவித்தது. எல்லோரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடித்தார்கள், சரிதான். ஆனால் கியூபாவின் இளம் தொண்டர்கள் விவசாயிகளின் வீடுகளிலேயே தங்கி, பகலில் அவர்களோடு வயலில் உழைத்து, இரவில் விளக்கொளியில் பாடம் சொன்னார்கள். ஆசிரியர் வீடு தேடிப் போனதால் காலக்கெடு அங்கே யாருக்கும் பாரமாகவில்லை. நாமோ கற்பவர் நம்மைத் தேடி வரவேண்டும் என்கிறோம். வந்தவரிடம் ‘ஆறு மாதம் கழித்து வாருங்கள்’ என்றும் சொன்னால் எப்படி?

வயது வந்தவர்கள் படிக்க வருவதற்கு உள்ள தடைகளை பேட்ரிசியா கிராஸ் என்ற கல்வியாளர் 1981-ல் மூன்றாகப் பிரித்தார்: வாழ்க்கைச் சூழல், நிறுவனத்தின் விதிகள், கற்பவரின் மனத்தயக்கம். வீட்டுச் சூழலை ஒரு மையத்தால் பெரிதாக மாற்றிவிட முடியாது. விதிகளை நாளைக்கே மாற்றலாம், ஒரு கையெழுத்துப் போதும். அந்த விதி தவறாக இருந்தால் மூன்றாவது தடையும் கூடிவிடுகிறது. ‘இந்த வயதில் எனக்கெதற்கு’ என்ற கூச்சத்தை மீறி ஒருவர் படியேறி வருவதே அபூர்வம். காத்திருப்போர் பட்டியலில் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டால் அவர் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

ஆகவே நான் கேட்பது குறுகிய பருவங்கள். ஆறு அல்லது எட்டு வாரத்துக்கு ஒரு பருவம். முதல் வாரத்தோடு சேர்க்கை நிறைவு. இடையில் வருபவர்களுக்கு வாரம் ஒரு நாள் அறிமுக வகுப்பு. அங்கே வினாத்தாளை நீட்டாமல், பேச்சுவாக்கில் அவருக்கு என்ன தெரியும், எதற்காகப் படிக்க வருகிறார், வேலை நேரம் எப்படி, குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று விசாரிக்கலாம். வீட்டில் செய்து பார்க்கச் சில பயிற்சித்தாள்களையும், அடுத்த பருவம் தொடங்கும் தேதியையும் கையில் கொடுத்து அனுப்பலாம். சில வாரக் காத்திருப்பைப் பெரும்பாலோர் தாங்கிக்கொள்வார்கள்.

எழுத்தே அறியாமல் வருபவருக்கு மட்டும் இந்த விதி வேண்டாம். அவருக்கு ஒரு தொண்டரைத் துணையாக உட்காரவைத்து அன்றைக்கே தொடங்கிவிடலாம். அவரால் வேறு யார் பாடமும் தடைபடப் போவதில்லை. கணினியில் அவரவர் வேகத்தில் பயிலும் பயிற்சிகளுக்கும் இதே சலுகை பொருந்தும்.

கட்டுரையாளர் தொடாத ஒன்று, வருகை விதி. பருவ முறைக்கு மாறும் மையங்கள் ‘மூன்று நாள் வராவிட்டால் பெயர் நீக்கம்’ என்ற விதியையும் சேர்த்தே கொண்டுவருகின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கே கடுமையான விதி இது. ஷிஃப்ட் மாறியதாலோ வீட்டில் ஒருவர் படுத்துவிட்டதாலோ வராமல் போனவரை ஓடிப்போனவர் பட்டியலில் சேர்க்கக் கூடாது. பெயரை அடிக்காமல் ‘விடுப்பு’ என்று குறித்து, அடுத்த பருவத்தில் அவருக்கு முதல் இடம் கொடுக்கலாம். முடிந்த மையங்கள் ஒரே பாடத்தைக் காலையிலும் மாலையிலும் நடத்தினால், ஷிஃப்ட் மாறுகிறவர்கள் விடுப்பு கேட்கவே வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
மாலை வகுப்பு ஆசிரியை ஒருவர்